கனடாக் குளமும் என் ஐஸ் போத்தலும்

இன்று பொழுதுபட, இறக்கக்கண்டியிலிருந்து நாளை என் கடைக்கு வரும் மீனுக்காகப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி, ஐஸாக்க வைத்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள்.

அவளும் அத்தானும் நீச்சல் குளத்தோடு ஒரு வீடு வாங்கப் போகிறார்கள். நாளைக்குக் கையெழுத்து. அக்கா வீடியோவில் காட்டிய குளத்தை மூடியிருந்த படங்கின் மேல் இன்னும் பனி கிடந்தது.

"வருசத்தில மூண்டு மாசம்தான் குளிக்கலாம். எண்டாலும் குளம் குளம்தானே, மச்சாள்" என்றார் அத்தான்.

நான் கையில் இருந்த போத்தலைப் பார்த்தேன். நாங்கள் ஒருநாளும் கழுத்துவரை நிரப்புவதில்லை. நிரப்பினால் உறையும்போது வெடித்துவிடும்.

"அத்தான், பனிக்கு முன்னம் குளத்துக் குழாயில நிண்ட தண்ணியை எடுத்தவையோ?"

அவர் சிரித்தார். "திருகோணமலையில இருக்கிற உமக்கு ஸ்னோவைப் பற்றி என்ன தெரியும்?"

"ஸ்னோ தெரியாது. ஐஸ் தெரியும். குளத்துக்குத் தண்ணி இறைக்கிற அந்த மோட்டருக்குக் கீழ, குழாயில ஒருக்காக் கையை விட்டுப் பாருங்கோ."

வீடு காட்ட வந்த தரகர் வேறு பக்கம் பார்த்தார். அத்தான் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. குழாயின் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு!

"எல்லாத்தையும் மாத்தித் தாங்கோ. அதுக்குப் பிறகுதான் கையெழுத்து" என்று அக்கா தரகரிடம் சொன்னது இங்கே கடைவரை கேட்டது. அவர் தலையாட்டினார்.

இப்போது குடும்ப வட்ஸ்அப் குழுவில் அத்தான் எழுதியிருக்கிறார்: "எனக்கு முதலே ஒரு சந்தேகம் இருந்தது."

இதை நம்புகிறவர்கள் கீழே கொமெண்டில் கையைத் தூக்குங்கள். அக்கா ஏற்கெனவே தூக்க மாட்டேன் என்றுவிட்டாள்.