நடுங்கிக்கொண்டே இருந்த சனி

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அஞ்சாவது மாடிக் கதவு சரியா மூடலை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுவார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். இருபது வருடங்களாக அந்த ஒரே லிஃப்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பாள் அவர் மனைவி.

தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி, இவர்களுக்கு ஓர் அறையும் சமையலறையும். அறையில் பாதி மனைவியின் தையல் வேலைக்குப் போய்விட்டது. பேண்டின் நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிடித்துத் தருவாள். மீதிப் பாதியில் கட்டிலும் பீரோவும். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மூலை காலியாக இருந்தது. அங்கே ஓர் ஓவர்லாக் மெஷின் போட வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாக ஆசைப்பட்டாள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின் அது. அது இல்லாததால் பாதி வேலை அடுத்த தெருக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த மூலையில்தான் லிஃப்ட்காரர் டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆசையைக் கிளப்பிவிட்டது செல்போன் கடையில் வேலை பார்க்கும் மச்சினன். சனி கிரகத்தின் வளையத்தை யாரோ வீட்டு மாடியிலிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினான். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. வளையத்தை நம் கண்ணாலேயே பார்க்கலாமாமே! இரண்டு பேரும் டெலஸ்கோப் கடைக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண், குட்டையாக, தடியாக, மரத்தட்டில் உட்கார்ந்திருந்த ஒரு குழாயைக் காட்டினாள். பார்க்கக் குப்பைத்தொட்டி போலிருந்தது. அதன் பெட்டியில் படம்கூட இல்லை.

"இதுல கண்ணாடி அகலம் சார். அடிப்பாகம் கெட்டி. அந்த ரெண்டும்தான் முக்கியம்."

பக்கத்தில் நீளமாக, வெள்ளையாக, மூன்று கால்களில் ஒன்று நின்றது. பெட்டி நிறைய வண்ண வண்ணமாக வானம். அதன் மேல் கொட்டை எழுத்தில் 675 மடங்கு.

"மாமா, அறுநூத்தி எழுபத்தஞ்சு!" என்றான் மச்சினன். "இதுல பார்த்தா சனியில எவனாவது பல்லு விளக்கினாக்கூடத் தெரியும்."

"நம்பரைப் பார்த்து வாங்காதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். "அந்த நம்பர்ல வெச்சா எல்லாம் சேறு மாதிரிதான் தெரியும். ஸ்டாண்டும் லொடலொடன்னு இருக்கு."

அவள் கடைக்காரி, தன் பொருளையே வேண்டாம் என்கிறாள். அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. லிஃப்ட் கம்பெனியில் எதுவானாலும் பெரிய நம்பர்தான் பெரிய சாமான். வெள்ளைக் குழாய் வீட்டுக்கு வந்தது.

முதல் வாரம் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. கண் வைத்துப் பார்க்கிற சின்ன வில்லைகளுக்கு ஐபீஸ் என்று பேர். அவற்றை எண்ணெய்க் கை படாமல் எடுத்து மென்மையான துணியால் துடைத்து வைப்பார். பெரிய ஐபீஸைப் போட்டு நிலாவைப் பார்த்தபோது கண்ணை எடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை. குழிகள், குழிக்குள் நிழல், நிழலின் ஓரத்தில் ஒரு மலையின் உச்சி மட்டும் வெளிச்சமாக. கொஞ்சம் அதிர்ந்தது. நிலா பெரிது, அது தாங்கும்.

சனி தாங்கவில்லை.

அதற்குச் சின்ன ஐபீஸ் போட வேண்டும். போட்டால் வளையமும் கிரகமும் ஒன்றாகக் கலங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்ட பொத்தான் போல் துள்ளின. ஒரு நொடி நிற்கும், வளையம் வரப்போகிறது என்று மூச்சைப் பிடிப்பார், மறுபடி நடுக்கம். கடைக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்டாண்ட்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். கால்களுக்குள் மணல் நிரப்பினார். லிஃப்டின் பழைய எதிர் எடைக் கட்டி ஒன்றை ஸ்டாண்டின் நடுவில் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு திருகாக இறுக்கினார். ஒன்று மறை கழன்றது. காற்றோ என்று பழைய போர்வையைத் தடுப்பாகக் கட்டினார். அப்படியும் சனி நடுங்கியது.

தினமும் வானம் பார்க்க டெலஸ்கோப்பை அவர் தூக்கிக்கொண்டுபோய் வைத்த இடம் மட்டும் அருமையான இடம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளும் டிஷ்களும் துணிக்கொடிகளும் வானத்தை மறைக்கும். அதற்கும் மேலே, இரும்பு ஏணி ஏறினால், லிஃப்டின் மோட்டார் அறைக் கூரை. கட்டடத்திலேயே உயரமான இடம். சாவி அவரிடம் மட்டும்தான். விடியும் முன்பே வேலைக்கு எழுகிறவர் என்பதால் ராத்திரி கண் விழிக்க முடியாது. இருட்டியதும் ஏறுவார், சாப்பாட்டு நேரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குவார்.

"காசு குடுத்து சனியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான் மாமா" என்றான் மச்சினன்.

"வாங்கச் சொன்னது யாருடா?"

"நான் நம்பரைத்தானே படிச்சேன்!"

மனைவி சிரிக்கவில்லை. ஓவர்லாக் மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை வருகிறது. டெலஸ்கோப்பை வாங்கிக்கொள்ள மச்சினன் ஓர் ஆளையும் பிடித்து வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தரேன்" என்றாள் அவள். "அந்த வளையத்தை என் கண்ணால பார்க்கணும். தெளிவாத் தெரிஞ்சா இது இங்கயே கெடக்கட்டும், மெஷினுக்கு வேற இடம் பார்க்கறேன். தெரியலைன்னா மூட்டை கட்டிடுங்க. பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்" என்றார். அவள் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், தான் ஏன் இப்படிக் கிடந்து அலைகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிடும் என்று மட்டும் உறுதியாக நம்பினார்.

ஞாயிறு மாலை வானம் கண்ணாடி போலிருந்தது. இருட்டியதும் கூரைக்கு ஏறி சனியைப் பிடித்தார். அதிசயமாக ஆடாமல் நின்றது! வளையமும் கிரகமும் தனித்தனியாக, நடுவில் மயிரிழை போல இருட்டு. பதறிப்போய் போன் அடித்தார்.

"உடனே வா! நிக்குது!"

அவள் லிஃப்டில் ஏறினாள். சனி ஆட ஆரம்பித்தது. அவள் ஏணி ஏறி வந்து கண்ணை வைக்கும்போது கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போன குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்ப, மறுபடி துள்ளல்.

"என்னங்க இது, கொசு மாதிரி ஆடுது?"

"இரு, இப்போ நின்னுடும்."

"நான் வந்தாத்தான் உங்க சனிக்கு நடுக்கமா? என்னைப் பார்த்து அதுக்கே பயமா?"

"கொஞ்சம் மூச்சு விடாம பாரேன்!"

"மூச்சு விடாம எத்தனை நேரம் இருக்கறது? போதும். நாளைக்கு அந்த ஆளை வரச் சொல்லிடறேன்." ஏணியில் இறங்கிப் போனாள்.

அவருக்கு எதையாவது தூக்கிப்போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. ஸ்டாண்டின் காலை ஒரு கையால் இறுகப் பிடித்தபடி கடைசியாக ஒரு தடவை கண்ணை வைத்தார். பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளிக்கொண்டிருந்தது. பிடித்த கையில் மெல்லிய அதிர்வு. எட்டு, ஏழு, ஆறு என்று அவர் மனம் தானாக எண்ணிக்கொண்டு போனது. தரைத்தளம். நின்றாயிற்று. அந்த நொடியே சனியும் நின்றது.

அவர் அப்படியே கூரையில் உட்கார்ந்துவிட்டார்.

மணலாம், எதிர் எடையாம், போர்வையாம்! ஓடுகிற மோட்டாரின் தலைமேல் டெலஸ்கோப்பை நட்டுவைத்துவிட்டு ஸ்டாண்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரே வீடு திரும்புகிற நேரமாகப் பார்த்து. அந்த அதிர்வு இருபது வருடங்களாக உடம்போடு ஊறிப்போனது. அவருக்கு அது தனியாகத் தெரிந்தால்தானே? வேறு எவன் இந்தக் கூரையில் ஏறியிருந்தாலும் முதல் நிமிஷத்திலேயே கால் கூசி இறங்கியிருப்பான். தன் தலையில் தானே ரெண்டு போட்டுக்கொண்டு மறுபடி போன் செய்தார்.

"இன்னொரு தடவை வா."

"அடுப்புல வெச்சிருக்கேன்."

"அணைச்சிட்டு வா. இந்தத் தடவை ஆடினா நானே தூக்கிக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தாள். அவர் மோட்டார் அறைக்குள் போனார். பழுதில்லாத லிஃப்டை அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. லிஃப்டுக்குள் யாரும் இல்லை, கதவு திறந்திருக்கிறது என்று சரிபார்த்துக்கொண்டார். கை தயங்கியது. பிறகு சிவப்பு சுவிட்சை இறக்கிவிட்டு ஏணிக்கு ஓடினார்.

அதற்குள் சனி நகர்ந்து, ஐபீஸில் தெரிகிற வட்டத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது. வியர்வை கண்ணில் இறங்க, குழாயை இப்படியும் அப்படியும் தள்ளித் தேடினார். பாக்கெட்டில் போன் அலறியது. கட்டடச் சங்கத்துச் செகரட்டரி.

"என்னய்யா, லிஃப்ட் நிக்குது?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"கீழ கைக்குழந்தையோட நிக்கறாங்கய்யா!"

"இதோ சார், இதோ!" சனி கிடைத்தது. "சீக்கிரம் வா, பாரு!"

அவள் குனிந்தாள். கண்ணை எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு நேராகக் குழாயின் முன்பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றே?"

"உள்ள படம் எதாவது ஒட்டி வெச்சிருக்கீங்களான்னு பார்க்கறேன்."

"அடிப்பாவி!"

அவள் தோள் இடித்துக் குழாய் திரும்பியது. சனி போயிற்று. போன் மறுபடி அலறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி சுவிட்சைத் தூக்கிவிட்டார். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது. மேலே திரும்பி வந்தபோது அவள் வெறும் கண்ணால் அந்த மஞ்சள் புள்ளியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பார்த்தேன்" என்றாள். "நிஜமாவே வளையம் இருக்கு."

"அப்போ விக்க வேண்டாமே?"

"சொன்ன சொல் சொல்தான். ஆனா இதுக்காக தினமும் லிஃப்டை நிறுத்துவீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்." செகரட்டரியிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளப் போவதை நினைத்தால் இப்போதே காது சுட்டது.

திங்கட்கிழமை ஓவர்லாக் மெஷின் வந்தது. பீரோ சமையலறை வாசலுக்கு நகர்ந்தது. இப்போது அந்தக் கதவு பாதிதான் திறக்கும். வாங்க வந்த ஆளுக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். டெலஸ்கோப்பைக் கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே தரை அசையாது. ஒரு பக்கம் தெருவிளக்கு, ஒரு பக்கம் மரம். இரண்டுக்கும் நடுவில் சாண் அகல வானம். சனி அந்தச் சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். செவ்வாயிலிருந்து வாரம் முழுக்க மேகம்.

"இன்னிக்காவது தெரியுதா?" மெஷினிலிருந்து காலை எடுக்காமல் அவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"மேகம்!"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க!"

"நானா அங்க கொண்டுபோய் வெச்சேன்?"

மெஷின் சத்தம் நின்றது. வாயில் நூலோடு வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சாண் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கடையில ஒண்ணு குப்பைத்தொட்டி மாதிரி இருந்ததுன்னு சொன்னீங்களே" என்றாள். "அதை வாங்கியிருந்தா, மணலும் எடையும் இல்லாம தூக்கிக்கிட்டு வேற எங்கயாவது போயிருக்கலாம்ல?"

அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. மழை வந்தால் நனைந்துவிடக் கூடாதே என்று ஐபீஸை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டாண்டை மடக்கவில்லை. அவளும் உள்ளே போகவில்லை.