பாலம் தாண்டி டெஸ்ட் எடுக்க வந்தவர்கள்

எழுதத் தெரியாதவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு வராது. புதிதாக லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எங்கள் மேனேஜர் கேட்டதால் எழுதுகிறேன். ஆட்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்.

1. பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் லேபுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளை, தில்லைநகரில் ஒரு கிளை. நான் ஸ்ரீரங்கத்தில் ரத்தம் எடுப்பவள். பால்வினை நோய் டெஸ்ட் என்றால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எங்களிடம் வர மாட்டார்கள்; காவிரிப் பாலம் தாண்டி தில்லைநகர் போவார்கள். திருச்சிக்காரர்கள் பாலம் தாண்டி எங்களிடம் வருவார்கள். தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாது. யாராவது பார்த்துவிட்டாலும் பெருமாளைச் சேவிக்க வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். வாசலில் நின்று தலையசைப்பேன், உள்ளறையில் மெதுவாகப் பேசுவேன். "அந்த அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுத்தான் பெண்கள் வருவார்கள். நான் லீவு என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இப்போது டாக்டர் சீட்டோடு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். செல்போனில் டெஸ்ட் பேக்கேஜ் புக் செய்தால் லேப் ஆளே வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவார். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வேலைக்கு கல்பனாவைச் சேர்த்தார்கள். டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளமோ படித்தவள், சொந்த ஸ்கூட்டர், கலகலவென்று பேச்சு. கவுண்டர் போனை எடுத்தால் "கல்பனா மேடம் வருவாங்களா?" என்பார்கள். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவேன்.

2. எடமலைப்பட்டி புதூர் வீடு

மாலதி என்று வைத்துக்கொள்வோம். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பாலம் தாண்டி என்னிடமே வந்துகொண்டிருந்த பெண். மாசமாக இருந்தபோது எடுத்த வி.டி.ஆர்.எல். டெஸ்ட் ரியாக்டிவ், அதாவது நோய் இருக்கலாம் என்று வந்தது. சிஃபிலிஸ்தான் என்று உறுதியாகி அவளுக்கு ஊசி போட்டாயிற்று. புருஷனுக்கும் பார்த்து மருந்து கொடுக்காவிட்டால் அவளுக்குத் திரும்ப வரும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் இரும்புக்கடைக்காரர். ஒருநாள் லேப் வரைக்கும் வந்தார். அவர் கடை வாடிக்கையாளர் ஒருவர் சுகர் பார்க்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் புருஷன் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மாலதி போன் செய்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு இனிமே பாலம் தாண்ட மாட்டாராம். வீட்டுக்கு வர்றவங்களையே அனுப்பிடுங்களேன்."

நானே போகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"நீங்க வாசல்ல நின்னு தலையாட்டிட்டு வந்துடுவீங்க. கல்பனாவும் வரட்டும்," என்றார்.

அந்த வீட்டுக் கூடத்தில் புருஷனோடு அவருடைய அம்மாவும் இருந்தார். என் வழக்கப்படி புருஷனைப் பார்த்து உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா ரகசியம்?" என்றார் அம்மா. நான் ரத்தக் குழாய் வைக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்து குனிந்துகொண்டேன். மாலதி சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

கல்பனா சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாசமா இருக்கறவங்களோட வீட்டுக்காரருக்கும் இப்பல்லாம் எடுக்கச் சொல்றாங்கம்மா. எல்லாம் பேரப்புள்ளைக்காகத்தான். அப்படியே உங்களுக்கும் சுகர் பாத்துரலாமா?"

ஊசி என்றால் ஆகாது என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். கல்பனா குரலைத் தாழ்த்தினாள். "சார், ஊசி போட்டா சரியாயிடும். விட்டீங்கன்னா உங்க குழந்தைக்கு வரும். கைய நீட்டுங்க."

நீட்டினார். நான் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலதி கல்பனாவைப் பார்த்த பார்வை, முன்பு உள்ளறையில் என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். லேபில் மறைவாக நடத்துவது வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. வீட்டுக்குப் போய் அதையே செய்தால் அது அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே சாதாரணமாகப் பேசத் தெரிய வேண்டும். கல்பனாவைப் பார்த்துத்தான் இதைக் கற்றேன் என்று எழுத இன்னமும் கை கூசுகிறது.

மறுநாள் காலை ரிப்போர்ட் வந்தது, ரியாக்டிவ். மதியம் அவர் டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டார். மாலதி கல்பனாவுக்குப் போன் செய்து சொன்னாள்.