ரோமுக்குப் போகும் சிவசோதிலிங்கம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு ஒஸ்லோ விமான நிலையத்தில் இறங்கினேன். சென்னையில் ஏறும்போது முப்பத்து நான்கு பாகை. இங்கே சுழியத்துக்குக் கீழே இரண்டு. பங்குனி பிறந்த பிறகும் என்ன பனி என்று எனக்குக் கோபமே வந்தது. விமான நிலையத்திலிருந்து லில்லெஸ்ட்ரொம் வரை ஒரு ரயில், அங்கே மாறி அக்கா வீடு இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவுக்கு இன்னொரு ரயில். மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மாறுகிற இடத்தில் ஒரு கோப்பி வாங்கினேன், நாற்பத்தைந்து குரோனர். மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஊர் சுற்றிப் பார்க்க நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தொலைபேசியில் அழுது கூப்பிட்டாள், வந்தேன். அவள் மகள் ஆரணிக்கு இருபத்திரண்டு வயது. தாதியர் படிப்பு முடித்தவள், ஒஸ்லோவிலேயே பிறந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தாள். இப்போது ஒன்றரை வருடம் ரோமில் ஊழியம் செய்யப் போகிறாள். அடுத்த சனிக்கிழமை விமானம். கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிற அத்தான், ஞானஸ்நான நாளிலிருந்து மகளோடு நேராகக் கதைப்பதில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்வார். வழியனுப்ப வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அவரை எப்படியாவது விமான நிலையம் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

ரயில் நிலையத்துக்கு ஆரணியும் அக்காவும் வந்திருந்தார்கள். தெருவெல்லாம் வழுக்காமலிருக்கப் பொடிக்கல் தூவியிருந்தது. பெட்டியை உருட்ட உருட்ட அது போட்ட சத்தத்தில் யாரும் கதைக்க முடியவில்லை. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் ஆரணி என்னைக் கட்டிப்பிடித்து, நான் இந்தியத் தமிழ் கதைக்கிறேன் என்று சிரித்தாள். அடியேய், நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்தான். முப்பத்தைந்து வருடம் சென்னைத் தொலைபேசி அலுவலகத்தில் குப்பை கொட்டினால் உன் தமிழும் இப்படித்தான் ஆகும் என்றேன்.

மூன்று மணிக்கு அவள் மடிக்கணினியைத் திறந்து அறைக்குள் உட்கார்ந்தாள். அன்றுதான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. இத்தாலிக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு கிழமை வீட்டிலிருந்தே கணினி வழியாகப் படிக்கிறார்கள். பிறகு அமெரிக்காவில் பயிற்சி நிலையம், அதன் பிறகுதான் ரோம். ஆசிரியை அமெரிக்காவில் இருப்பதால் ஒஸ்லோவில் பிற்பகல் மூன்றிலிருந்து இரவு ஒன்பது வரை வகுப்பு. முதல் நாளே இத்தாலிய மொழியில் பிரார்த்தனை செய்ய வைத்துவிட்டார்களாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு புது இயந்திரத்தைத் தொடவே மூன்று மாதம் பயிற்சி கொடுப்பார்கள்.

பிள்ளைக்கு இத்தாலியம் நன்றாகவே வந்தது. அந்த மொழியில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் வேறு வேறு. அதில்தான் அமெரிக்கப் பெடியள் எல்லாம் தடுக்கி விழுகிறார்கள். தமிழிலும் அப்படித்தான் என்பதால் ஆரணிக்கு அது ஒரு பாடமே இல்லை. ஆசிரியை அவளைப் பாராட்டினாள் என்று கேட்டதும், அந்தப் பெருமையில் பாதி தமிழுக்கும் கால்வாசி எனக்கும் சேரவேண்டும் என்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் என்னை முன்னால் இருத்திப் போதிக்கப் பழகினாள். நான் தேநீரை வைத்துக்கொண்டு "சீ, சீ" என்று தலையாட்டினேன். அந்த மொழியில் சீ என்றால் ஆமாம், எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் ஓம். அவளுக்குத் தேநீர் கிடையாது. சபையில் தேநீரும் கோப்பியும் விலக்கு.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தே அவள் ஊழியக்காரி. தனியே வெளியே போகக் கூடாது. எப்போதும் கூட ஒரு துணை வேண்டும். அவளுடைய துணைப் பெண் அமெரிக்காவில் ஐடஹோவில், திரைக்குள் இருந்தாள். ஆகவே கடைக்குப் போக வீட்டார் யாராவது போதும் என்றார்கள். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எஞ்சியவள் நான். நெற்றியில் திருநீற்றோடு மோர்மன் ஊழியக்காரிக்குத் துணையாக ஸ்டோவ்னர் கடைத்தொகுதி முழுக்கச் சுற்றினேன். இதைச் சென்னையில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வெடித்தது. கட்டிடத்தின் வாசலில் வீட்டுக்கு ஒன்றாகத் தபால் பெட்டிகள் இருக்கின்றன. காலை முறை வேலையில் பஸ் ஓட்டிவிட்டு வந்த அத்தான், பெட்டியில் தன் பெயருக்கு ஒரு சிறு பொதி கிடப்பதைக் கண்டு, அங்கேயே பிரித்துவிட்டார். உள்ளே இரண்டு கறுப்புப் பெயர் அட்டைகள், சட்டையில் குத்துகிறவை. வெள்ளை எழுத்தில் முதல் வரி: சோரெல்லா சிவசோதிலிங்கம். அதாவது சகோதரி சிவசோதிலிங்கம். அதற்குக் கீழே இயேசு கிறிஸ்துவின் பெயரோடு சபையின் பெயர். அத்தானின் பெயர் சிவசோதிலிங்கம்.

நம்மவர்கள் எல்லோர் வீட்டிலும் நடக்கக்கூடிய பிழைதான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? நோர்வேயில் பிள்ளை பிறந்ததும் பத்திரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள், அத்தான் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். அதோடு அதை மறந்தும் போனார்.

சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்தார். அதுவே பெரிய விஷயம். நேரே ஆரணியின் முன்னால் போய் நின்றார்.

"இதென்ன? என்ரை பேரை ஆர் இவையளுக்குக் குடுத்தது?"

"அது என்ரை பேரும்தான், அப்பா."

"உனக்கு ஆரணி எண்டு வைச்சனான். அதைப் போடச் சொல்லு."

"அங்கை முதல் பேர் சொல்லமாட்டினம். ஒண்டரை வருசமும் எல்லாரும் உங்கடை பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவினம்."

அத்தான் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா மாலையில் வந்து, எல்லாம் கெட்டுப்போச்சு என்று ஒப்பாரி வைத்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்திலாவது இரண்டு வருடத்துக்குப் பிறகு மனுஷன் மகளோடு நேராகக் கதைத்திருக்கிறார். அதை நீ கவனித்தாயா என்று அக்காவைக் கேட்டேன். அழுகையை நிறுத்தி, ஓம் என்ன, என்றாள்.

புதன் காலை அத்தானின் பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பிடம் வரை போனேன். அங்கே அவருக்கு எட்டு நிமிட ஓய்வு. அந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் ஏறினேன். கோயிலில் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதை முதலில் சொல்லி முடித்தார். அது எனக்குத் தெரிந்ததுதான். பிறகு சொன்னது தெரியாதது. வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் ஆலையில் வேலை. மேற்பார்வையாளன் அவர் பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்து, நாக்கு சுளுக்கி, "சிவ்" என்று வெட்டிவிட்டான். சிவ் என்றால் அங்கே பெண்களின் பெயர். மீன் மேசையில் நின்ற பெண்கள் எல்லாம் ஒரு கிழமை சிரித்தார்களாம். பிறகு ஒஸ்லோவில் சிவா. பஸ்ஸிலும் சிவாதான்.

"இந்த நாட்டிலை என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுறது அர்ச்சனை செய்யிற ஐயர் மட்டும்தான், மங்கை," என்றார்.

விமான நிலையத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமை வேலை என்றார். நேரமாகிவிட்டது, பஸ்ஸை எடுத்தார். திரும்பி வரும்போது நான் கேட்டது போதாதோ, கேட்டதே பிழையோ என்று எனக்கு ஒரே கவலை.

வியாழன் பிற்பகல் நான்கு மணி. ஆரணியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அத்தான் வேலை முடிந்து வந்து, வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரையில் ஆசிரியையும் மற்ற ஆறு மாணவர்களும். ஆளுக்கு ஆள் மற்றவரை அறிமுகம் செய்யும் பயிற்சி. ஐடஹோத் துணைப் பெண் ஆரணியைக் காட்டி, "சோரெல்லா சிவா" என்றாள்.

ஆரணி அவளை நிறுத்தினாள். அப்படி ஒருவர் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு விரலை மடக்கி மடக்கி, சி, வ, சோ, தி, லிங், கம் என்று சொல்லிக்கொடுத்தாள். ஆறு பேரும் சொன்னார்கள். ஒரு பெடியன் நடுவில் விழுந்து எழும்பினான். அவனை மட்டும் தனியாக மூன்று தடவை சொல்லவைத்தாள். கடைசியில் ஆசிரியையும் சேர்ந்து எல்லோரும் ஒரே குரலில், "சோரெல்லா சிவசோதிலிங்கம்" என்று சொல்லிக் கைதட்டினார்கள்.

அத்தான் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றார். நான் குசினிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்றச் சப்பாத்தையும் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு வந்து, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார். நான் ஊற்றிக் கொடுத்தேன். வாயைத் திறந்து ஏதாவது கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமல்ல, என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். ஆரணியின் விமானம் பத்தரைக்கு, என்னுடையது ஒன்று நாற்பதுக்கு. ரயிலுக்குப் போகப் பெட்டிகளோடு கீழே இறங்கினோம். வாசலில் அத்தான் காரை வைத்துக்கொண்டு நின்றார், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டியபடி. வேலை என்ன ஆனது என்று அக்கா கேட்டாள். மாத்திப்போட்டன், ஏறுங்கோ என்றார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

பாதுகாப்புச் சோதனைக்குள் போகிற இடத்தில் சபை ஆட்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஆரணி கறுப்பு மேலங்கியில் அந்த அட்டையைக் குத்தியிருந்தாள். அக்காவைக் கட்டிப்பிடித்தாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அத்தானின் முன்னால் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவர் குனிந்து அந்த அட்டையை வாசித்தார். கீழ்வரியையும் வாசித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அத்தனை பேர் முன்னாலும், தமிழ் விளங்காதவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ரோமிலை ஆரும் சுருக்கிக் கூப்பிட்டால் விடாதை, பிள்ளை. முழுசாச் சொல்லச் சொல்லு."

தமிழ், நோர்வேஜியம், ஆங்கிலம், இத்தாலியம் என்று நான்கு மொழி தெரிந்த பிள்ளை தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அவள் உச்சியில் கையை வைத்தார். அவள் உள்ளே போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

எனக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அக்காவையும் அத்தானையும் அனுப்பிவிட்டு, பெட்டிக்குக் கட்டும் அட்டையை எடுத்தேன். சென்னையில் நாம் எல்லோரும் அப்பாவை ஒரு எழுத்தாக்கி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, முன்னால் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். அறுபத்தொரு வயதுவரை நானும் ச. மங்கைதான். பேனாவைத் திறந்து, சபாரத்தினம் மங்கை என்று எழுதினேன். எழுதிவிட்டு, அந்த இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காமல் அப்பாவின் பெயரை ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஞாபகமே இல்லை.