தண்டவாளத்தில் பால் சொட்டு

எங்கள் கிராணியம்மா தவமணிதேவியைப் பற்றி யாராவது ஏளனமாகப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கு, சோறு குழைஞ்சுபோறதுகூடத் தெரியல" என்பார்கள். ஆமாம், குழையத்தான் செய்யும். அந்தச் சோற்றைக் குழையவிட்டவர்தான் என் குடும்பத்தைக் கப்பலேறாமல் காப்பாற்றினார்.

கடல் தாண்டி, செனாய்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்துவிட்டு, தோட்டத்தில் கணக்கெழுதும் எங்கள் சோமசேகரம் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறேன் என்று கிராணி புத்தகங்களை வரவழைத்தார். இரண்டு பக்கம் புரட்டினால் குறட்டைதான். வீணாகக் கிடக்கிறதே என்று அம்மா எடுத்துப் படித்தார். ஓடுகிற பொருள் எப்படி வேகம் பிடிக்கும், எங்கே போய் நிற்கும் என்கிற கணக்கெல்லாம் அதில் இருந்ததாம். படித்ததோடு விட்டாரா? சாய்த்துவைத்த பலகையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, விரலால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிராணி வீட்டில் மந்திரம் போடுகிறார்கள் என்று நாங்கள் குடியிருக்கிற லயம் முழுக்கப் பேச்சு.

என் வீட்டுக்காரருக்கு டிரோலியில் ஏறி நின்று பிரேக் பிடிக்கிற வேலை. மேட்டில் ரப்பர் பாலை ஏற்றிவிட்டால் டிரோலி சரிவுத் தண்டவாளத்தில் தானாக இறங்கி வரும். கீழே பால் ஸ்டோர். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைக் கல். அந்தக் கல்லில் பிரேக்கை அழுத்தினால் வண்டி ஸ்டோர் வாசலில் நிற்கும். கல்லுக்கு முன்னாலும் அழுத்தக்கூடாது, பின்னாலும் அழுத்தக்கூடாது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு.

ரப்பர் விலை படுத்துப்போன வருஷம் அது. சின்னக் குற்றம் கிடைத்தாலும் போதும், ஆளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் துரை, மேலே புதுக்காட்டுப் பாலையும் இறக்கவேண்டும் என்று, அதே சரிவில் பாதையை இரண்டு மடங்காக நீட்டினார். கல்லை மட்டும் நகர்த்தவில்லை. முதல் ஓட்டத்திலேயே டிரோலி ஸ்டோர்க் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பால் அத்தனையும் தரையில்; நல்லவேளை, என் வீட்டுக்காரருக்கு அடி இல்லை.

"வேலு குடிச்சிருக்கான். பிரேக் போடல. குடும்பத்தோட கப்பலேத்து" என்றார் துரை. அய்யாவு கங்காணி பூம்பூம் மாடாகத் தலையாட்டினான்.

என் வீட்டுக்காரர் குடிப்பார். இல்லையென்று சாமி முன்னால்கூடச் சொல்லமாட்டேன். ஆனால் வேலை முடிந்து, குளித்த பிறகுதான். நேரே கிராணி வீட்டுக்கு ஓடி, வாசலில் நின்று கத்தித் தீர்த்தேன்.

அம்மா குடையை எடுத்தார். "அழாதையும் ராசம்மா. மழை வரமுன்னம் பாதையை ஒருக்காப் பாப்பம்."

பால் தொட்டியின் குழாய் எப்போதும் ஒழுகும். ஒரே சீராக, சொட்டுச் சொட்டாக விழும். பழைய சொட்டுகளை முந்தின நாள் மழை கழுவிவிட்டதால், பாதை நெடுக அன்றைய சொட்டுகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடந்தன. வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து அம்மா குடையால் அளந்துகொண்டே வந்தார்.

"ஒண்டு, மூண்டு, அஞ்சு, ஏழு எண்டு புள்ளிவைச்சுக் கோலம் போடுவீர்தானே?"

"அதுகூடத் தெரியாதாம்மா எனக்கு?"

"அப்ப வடிவாப் பாரும். முதல் இடைவெளி ஒரு குடை. அடுத்தது மூண்டு. அதுக்கடுத்தது அஞ்சு. சொட்டு ஒரே சீராத்தான் விழுது. வண்டிதான் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரே அளவா வேகம் கூடிக்கொண்டு போகுது."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஏழு, ஒன்பது என்று புள்ளிகள் விலகிக்கொண்டே போயின. வெள்ளைக் கல் வந்தது. அதைத் தாண்டியதும் புள்ளிகள் நெருங்க ஆரம்பித்தன!

"அம்மா, இங்க பிரேக் போட்டிருக்காரு!" என்று கூவினேன்.

"ஓம். சொன்ன இடத்திலேயே போட்டிருக்கிறார்."

என்னைப் பெற்ற தாயே! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மழை இறங்குவதற்குள் துரையை இழுத்து வந்தோம். கிராணி பின்னாலேயே வந்து, "தேவி, என்ர வேலை போகப்போகுது" என்று நடுங்கினார். அம்மா காதில் வாங்கவில்லை. இங்கிலீஷில் சொட்டுகளைக் காட்டிப் பேசினார். பிரேக் போட்டானென்றால் ஏன் நிற்கவில்லை என்று துரை கேட்டாராம். பாதை இரட்டித்தால் நிற்கிறதுக்கும் இரட்டிப்பு இடம் வேண்டும், கல்லை அவ்வளவுக்கு மேலே ஏற்றுங்கள் என்றாராம் அம்மா. புத்தகத்துக் கணக்கு தண்டவாளத்துக்கு ஆகாது என்று துரை சிரித்தார். வண்டியை விட்டுப் பாருங்கள் என்றார் அம்மா. நாளைக்கே விட்டுப் பார்ப்போம் என்று துரை தலையாட்டினார்.

மறுநாள் வெயிலில் தண்டவாளம் காய்ந்ததும், வேறொரு டிரோலியில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். என் வீட்டுக்காரர் மேலே போனார். கல் புது இடத்துக்கு ஏறியது. அம்மா ஸ்டோர் வாசலில் குடையால் ஒரு கோடு கிழித்தார். கிழித்துவிட்டு, அந்தக் கோட்டுக்குப் பின்னால், தண்டவாளத்தின் நடுவிலேயே போய் நின்றுகொண்டார்!

"ஐயோ, வெளிய வாரும்!" என்று கிராணி அலறினார்.

"கணக்குப் பிழைக்காது. வேலுவின்ர கையும் பிழைக்காது" என்றார் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் புருஷனை நம்பி இன்னொரு வீட்டுப் பெண் நிற்கிறார், நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

டிரோலி கடகடவென்று இறங்கியது. அம்மாவின் விரல் குடைக்காம்பில் தாளம் போட்டது. கல்லுக்கு வந்ததும் பிரேக் கிறீச்சிட்டது. கோட்டைத் தொடுகிற மாதிரி வந்து வண்டி நின்றது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

துரை கோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "வேலு, போ, பாலை ஏத்து" என்று சொல்லிவிட்டு நடந்தார். கப்பல் பேச்சு அத்தோடு போயிற்று.

என் வீட்டுக்காரர் குதித்து இறங்கினார். "அலமாக், ஐயோ! உனக்கென்னடி பைத்தியமா? என் கை வழுக்கியிருந்தா?"

"அந்த அம்மாவே உங்களை நம்பி நிக்கிறாங்க. கட்டிக்கிட்ட நான் நம்பமாட்டேனா?"

அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கங்காணி பார்க்க, தோட்டமே பார்க்க, மேடு வரைக்கும் கூடவே நடந்தேன்.