கலண்டர் தாளில் விழுந்த வட்டங்கள்

அந்தக் கோடை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் கண் யன்னலுக்குத்தான் போகும். நாங்கள் இருந்தது பதினோராம் மாடி. குனிந்து பார்த்தால் கீழே ஒரு பார்க்கும், அதற்குள் பேஸ்போல் விளையாடுகிற மண் திடலும், அதைச் சுற்றிய கம்பி வேலியும் தெரியும். வேலியோரத்தில் நீலத் தொப்பி தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவேன்.

நீலத் தொப்பிக்காரன் என் பிள்ளை இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எட்டாம் மாடியில் தாயோடு தனியே இருந்த பொடியன். பதினைந்து வயது. தாய்க்கு மார்க்கம் என்கிற பக்கத்து நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. தகப்பன் இல்லை, அது எப்படி என்று நான் கேட்டதில்லை. எங்கள் கட்டடத்துப் பொடியன்கள் எல்லாரும் ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாட, இவன் மட்டும் பள்ளிக்கூடத்தில் பழகிய பேஸ்போலில் விழுந்துவிட்டான். மேட்டில் நின்று பந்து எறிகிறவன் இவன்தான்.

என் வீட்டுக்காரர் ஊரில் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். கிரிக்கெட் பைத்தியம். இங்கே வந்து, ரொறன்ரோவின் பெரிய பேஸ்போல் ரீம் அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்று தெருவெல்லாம் ஹோர்ண் அடித்தபோது பேஸ்போலுக்கு மாறிவிட்டார். ஆனால் அவர் மாறிய கையோடு ரீம் உடைந்துபோயிற்று. பெரிய விளையாட்டுக்காரர் ஒவ்வொருவராய்ப் போக, மீசை முளைக்காத பொடியன்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். இவரும், ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்த பக்கத்து வீட்டு அண்ணையும் ரீவிக்கு முன்னால் இருந்து அந்தப் பொடியன்களை நிறுத்துப் பார்ப்பார்கள். இவனை வைத்திருக்கலாம், அவனைக் கீழே உள்ள சின்ன ரீமுக்கு அனுப்பி இரண்டு வருடம் அவிய விடவேண்டும், மற்றவன் ஒருநாளும் உருப்படான். முடிவெடுக்கிறது தாங்கள்தான் என்பதுபோல. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவு நிலையில் நிற்பேன். நின்று நின்றே எனக்கும் விளையாட்டு விளங்கிவிட்டது. யாருக்கும் சொன்னதில்லை.

பின்னேரங்களில் இரண்டு பேரும் பார்க்குக்குப் போவார்கள். நானும் பின்னால் போவேன். இவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. பந்து போவது தெரியும், எங்கே போனது என்று தெரியாது. அதனால் எனக்கு ஒரு வேலை தந்தார். தமிழ்க்கடையில் தந்த கலண்டரில் முடிந்த மாதத்துத் தாளொன்றைக் கிழித்து, மேலே உள்ள சாமிப் படத்தை வெட்டி வைத்துவிட்டு, மிச்சத்தின் பின்பக்கத்தில் நான் எழுதவேண்டும். பொடியன் எறிகிற பந்து நல்ல இடத்தால் போனால் ஒரு கோடு. வெளியால் போனால் ஒரு வட்டம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் போனவள் என்றாலும் கோடும் வட்டமும் போட ஐந்தாம் வகுப்பே அதிகம். வேலிக்கு நேர் பின்னால் இருந்தபடியால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

யூன் மாதம் பொடியன் ஒரு ஆட்டம் எறிந்தான். எதிரிகள் மட்டையைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றைத்தான் அடித்தார்கள். என் தாள் முழுக்கக் கோடுதான். மனேச்சர் அண்ணை எழும்பி நின்று, உவனுக்குக் கையில்லை, கவண்தான் கிடக்கு என்று பார்க் முழுக்கக் கேட்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் இப்படியொரு எறியன் இல்லை என்று, வேலைவிட்டு வந்த தாயிடமே சொன்னார்.

அடுத்தநாள் பொடியனுக்குக் கை தூக்க ஏலவில்லை. தோள் வீங்கி, காய்ச்சல்.

வாயால் புகழ்ந்ததால் வந்த நாவூறுதான் என்று தாய்க்கு ஒரே பயம். செத்தல் மிளகாயும் கல்லுப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி, மின்சார அடுப்பில் சட்டியை வைத்துப் போட்டுவிட்டாள். அது ஊர் விறகடுப்பா? புகை போக வழியில்லை. முதலில் வீட்டு அலாம் அடித்தது. கதவைத் திறந்தாள், நடையில் இருந்த அலாமும் அடித்தது. பிறகு கட்டடமே அடித்தது. பதினாறு மாடிச் சனமும் படியால் இறங்கிப் புல்லில் நின்று தும்மியது. தீயணைக்கிற வண்டி இரண்டு வந்தது. கட்டட ஒஃபிசிலிருந்து, இன்னொருமுறை இப்படி நடந்தால் வீட்டை விடவேண்டி வரும் என்று கடிதம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கும்பிட்டாள். "அண்ணை, இனிப் பிள்ளையைப் பற்றி நல்லதா ஒண்டும் சொல்லாதையுங்கோ. நாவூறு கழிக்கவும் எனக்கு இஞ்ச வழியில்லை."

இவரும் அங்கே இருந்த மனேச்சர் அண்ணையும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் போதாதா? நாவூறை ஏமாற்றவேண்டும் என்று மனேச்சர் அண்ணைக்கு ஒரு யோசனை. அடுத்த ஆட்டத்திலிருந்து இரண்டு பேரும் பொடியனைத் திட்டத் தொடங்கினார்கள். நல்ல பந்து எறிந்தால், உது என்ன எறி, மாங்காய்க்குக் கல்லெறியிறான் என்பார் ஒருவர். கிரிக்கெட்டெண்டால் எப்பவோ நோபோல் குடுத்துக் கலைச்சிருப்பாங்கள் என்பார் மற்றவர். அவன் எவ்வளவு நன்றாக எறிகிறானோ அவ்வளவு கூடத் திட்டு விழும். மற்றத் தமிழ்ச் சனமும் சேர்ந்துகொண்டது. அவர்களுக்குக் காரணம் தெரியாது, பகிடி மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. இவர் கதவைப் பூட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தாளோடு ஒட்டவைத்து, என் கோடுகளை விரலால் தடவி எண்ணுவார். ஒன்றும் சொல்லமாட்டார். தாளை மடித்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைப்பார். அவ்வளவுதான். ஒருமுறை ரீவியில் ஒரு புதுப் பொடியனை மறந்துபோய்ப் புகழ்ந்துவிட்டார். அடுத்த ஆட்டத்தில் அவன் போட்டதெல்லாம் அடிவாங்க, சின்ன ரீமுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் இரண்டு நாள் சரியாய்ச் சாப்பிடவில்லை. "என்ர வாய்தான்," என்றார்.

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ஒரு தெரிவு இருந்தது. எங்கள் பக்கத்துக்கு வெளியே போய் விளையாடுகிற ரீமுக்கு, அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு கோச் வந்து ஆள் எடுக்கப்போகிறார். பொடியன் கோடை முழுக்க எறிந்தது அதற்குத்தான். அது எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை உடுப்புத் தோய்க்கிற அறையில் தாயைக் கண்டேன். மெசினுக்குள் உடுப்பைப் போட்டுவிட்டுக் காசு போடாமல் நின்றாள். என்ன என்று கேட்டேன். அவன் போகமாட்டானாம் என்றாள். தொப்பியைக் குப்பைக்குள் போட்டவன், அவள் எடுத்து வைத்திருக்கிறாள்.

"அங்கிள்மார் எல்லாம் நான் உதவாதவன் எண்டு சொல்லினம், அவையளுக்கு விளையாட்டுத் தெரியும்தானே எண்டு கேக்கிறான், அக்கா."

நாவூறுக்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் விளக்கியிருக்கிறாள். அவன் சிரித்தானாம். ஒரு ஆளைப் பிடித்திருந்தால் இரண்டு மாதம் நாயே பேயே என்று திட்டுவார்களா, அம்மா, எனக்குப் பொய் சொல்லாதையுங்கோ என்றானாம். ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை. அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது?

நான் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கோ என்றேன். இவர் பேப்பரைப் பிடித்தபடியே இருந்தார்.

"சொல்லி, சனிக்கிழமை கை நொந்தால்? ஆர் பொறுப்பு? நீர் பொறுப்போ?"

நான் பொறுப்பில்லை என்று உள்ளே போய்விட்டேன். ஆனால் நித்திரை வரவில்லை. திட்டினால் பிள்ளை விட்டுவிடுவான். புகழ்ந்தால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடும். எனக்கும் நாவூறில் நம்பிக்கை உண்டு, இப்போதும் உண்டு. அதோடு நான் வாயைத் திறந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லிப் பழக்கமில்லாதவள். கடையில் மீன் பழசு என்றால்கூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வருகிறவள். விடிய எழும்பி முகம் கழுவும்போதுதான் மனதில் பட்டது: நாவூறு என்றால் நாக்கால் வருவது. தாளுக்கு நாக்கு இல்லையே.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இவர் குளிக்கப் போனதும் சாமிப் படத்துக்குக் கீழே இருந்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு எலிவேற்றருக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் தாய்க்கு இரவு வேலை, பொடியன் அவளைப் பஸ் தரிப்பில் விட்டுவிட்டு ஐந்து மணிக்கு வருவான். கீழே நின்றேன். வந்தான். அவனோடு எலிவேற்றருக்குள் ஏறினேன். எட்டை அமத்தினான். நான் பதினொன்றை அமத்தவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று போய்க்கொண்டிருந்தது. ஆறு வந்ததும் தாள்களை அவனுடைய கையில் திணித்தேன்.

"என்ன அன்ரி உது?"

விரித்துப் பார் என்று கையால் காட்டினேன். அவன் முதல் தாளை விரித்தான். எட்டில் கதவு திறந்தது. அவன் இறங்கவில்லை. கதவு தானாய் மூடிக்கொண்டது. நானும் அவனும் யாரோ கூப்பிட்ட பதினான்காம் மாடிக்குப் போனோம்.

"இந்தக் கோடு ஸ்ரைக். இந்த வட்டம் போல்," என்று தனக்குத்தானே சொன்னான். அடுத்த தாள். அடுத்தது. "எல்லாம் என்ர கேமா? ஒவ்வொண்டுமா?"

தலையாட்டினேன்.

"ஆர் எழுதினது?"

"நான்தான் தம்பி. அங்கிளுக்குக் கண் தெரியாது. அவர் கேக்கிறதுக்காக." அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. சாமி அறிய.

அவன் கீழே குந்திவிட்டான். அங்கே ஏறிய ஒரு சீனக் கிழவர் அவனைச் சுற்றிப் போய் மூலையில் நின்றார். பொடியன் விரலால் வட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் போனான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒவ்வொரு ஆட்டமும் தனக்கு ஞாபகம், எதிரி ஆள் பேஸில் ஏறி ஓட நின்றால்தான் தனக்கு வட்டம் கூடுகிறது, கவனித்தீர்களா என்று கேட்டான். நான் கோடை முழுக்க எழுதியவள், கவனிக்கவில்லை. நான் ஒவ்வொரு பந்தாக எழுதினேன். அவன் தாள் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தான். ஓடுகிறவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு அவசரப்பட்டு எறிகிறேன், அதுதான் என்றான். தாள்களை வைத்திருக்கவா என்று கேட்டான். ஓம் என்றேன்.

சனிக்கிழமை அவன் வந்தான். தொப்பியோடு. எனக்கு உயிர் வந்தது, உடனே போயிற்று, ஏனென்றால் முதல் நாலு பந்தும் வட்டம். நாலு வட்டம் என்றால் அடிக்காமலே ஏறலாம், அடிக்கிறவன் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தே பேஸுக்குப் போனான். நாங்கள் இருந்த வாங்கில் வழக்கமான திட்டு ஏறியது. இவர் மட்டும் கையை முழங்காலுக்குள் வைத்து நெரித்துக்கொண்டிருந்தார். பொடியன் மேட்டில் நின்று, ஓடுகிறவனைத் திரும்பிப் பார்க்காமல், பெரிய மூச்சொன்று எடுத்தான். கோடு. கோடு. வட்டம். கோடு. மூன்று கோடு, அடுத்தவன் அவுட். மனேச்சர் அண்ணை, கல்லெறிகூட ஒழுங்காய்த் தெரியாது என்று கத்தினார். பொடியன் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன்.

ஆனால் அவனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை பேர் வந்தபோது அவன் பேர் மேலே இல்லை. யாராவது விலகினால் முதலாவதாகக் கூப்பிடுகிற ஆளாகப் போட்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் அவர்களோடு எறிந்து பழக வரலாமாம்.

அன்று இரவு தாய் வந்து, ஆரோ நல்லாச் சொல்லிப்போட்டினம் போல கிடக்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு இவர் சாமிப் படத்துக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார்.

"இஞ்சேரப்பா, தாளெல்லாம் எங்கை?"

"பொடியனிட்டைக் குடுத்திட்டன்."

இவர் என்னைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு இன்றைக்கும் முழுதாய்த் தெரியாது. "வாயால ஏதும் சொன்னனீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். கதிரையில் இருந்தார். எழும்பினார். யன்னலடிக்குப் போய், இருட்டில் ஒன்றும் தெரியாத பார்க்கைப் பார்த்தார். திரும்பி வந்தார். நானும் அப்படித்தான், இரண்டு பேரும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. நான் கொடுத்ததால் போய்விட்டதா, கொடுத்திராவிட்டால் அவன் போயே இருக்கமாட்டானா என்று மாறி மாறி நினைத்தேன். இரண்டும் சரி மாதிரித்தான் இருந்தது.

வியாழக்கிழமை கதவு தட்டுப்பட்டது. பொடியன். கையில் ஒரு தாள், சனிக்கிழமை நான் எழுதியது. இவர் அன்றைக்கு அதை எண்ணக் கேட்கவில்லை, அதையும் அவனுடைய தாயிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, என்னை விட்டுவிட்டு நேரே இவர் முன்னால் போய் நின்றான்.

"அங்கிள், அன்ரி இதில வட்டம் போட்டிருக்கிறா. இது ஸ்ரைக். நூறு வீதம் ஸ்ரைக்."

இவர் தாளை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவனுடைய முகத்துக்கு நேரே பேசினார்.

"உன்ர தோள் இறங்கினது எனக்குக்கூடத் தெரிஞ்சுது. உது வட்டம்தான். எறியத் தெரியாதவன் எண்ணவும் தெரியாதவன்."

"உங்களுக்குக் கண்ணே தெரியாது, அங்கிள்."

"எனக்குக் கண் தெரியாது. உனக்கு ஒண்டுமே தெரியாது. இரு."

அவன் இருந்தான். இவர் என்னைப் பார்த்து, கலண்டரில் ஓகஸ்ட் முடிஞ்சுதுதானே, அந்தத் தாளைக் கிழியும் என்றார். நான் கிழித்துச் சாமிப் படத்தை வெட்டி எடுத்தேன். குளிர்காலப் பயிற்சி எப்போது தொடங்குகிறது, மண்டபத்துக்குக் கிழவர்களை உள்ளே விடுவார்களா என்று இவர் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பந்தை நினைத்துப் பார்த்தேன். அது வட்டம்தான். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.