ரத்தப் பையில் ஓர் எண்ணெய்

ரத்தப் பையை வெறும் பிளாஸ்டிக் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக் என்றால் அது தண்ணீர்க் குழாய் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், ரத்தம் பிடிக்க உதவாது. அதை வளையவும் மடங்கவும் வைப்பது அதில் கலந்திருக்கும் ஒருவித எண்ணெய். அறிக்கையில் தாலேட் என்று எழுதுவோம். எங்கள் கம்பெனியில் மலையாளத்தில் 'எண்ண' என்றாலே போதும், எல்லோருக்கும் புரியும். பிளாஸ்டிக் பொடியில் அதைச் சேர்த்துச் சூடாக்கும்போது புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு மணம் எழும். பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருடமும் அந்த மணத்தைச் சட்டையில் சுமந்துகொண்டு எங்கள் ஊரான காரோட்டுக்கு பஸ் ஏறியிருக்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

என் மனைவிக்கோ அந்த மணம்தான் நான். கடைசி இரண்டு வருடத்தில் அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் படியேறிக் கதவில் கை வைக்கும் முன்பே உள்ளிருந்து "வந்தாச்சா?" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சு என்றால் எங்கள் இருவருடைய பேச்சுத்தான்.

அவள் உடம்பு ரத்தம் ஊறுவதை நிறுத்தியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஏற்ற வேண்டும். கம்பியில் தொங்கும் பையைத் திருப்பித் தயாரிப்பு நம்பரைப் பார்ப்பது என் பழக்கம். ஒரு நாள் அது எங்கள் கம்பெனிப் பையாகவே இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், இந்த எண்ணெய் பையிலேயே அடங்கி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறவளிடம் எந்தப் புருஷனாவது அதைச் சொல்வானா? நான் சொன்னேன்.

"சட்டையில கொண்டு வாறது போதாதா? இப்ப ரத்தத்துக்குள்ளயும் வந்தாச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் அவள் இல்லை, ரத்தம் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் என் கையால் பாஸ் போட்டு அனுப்பிய எண்ணெய் அவளுக்குள் இறங்குகிறது என்பது மனதில் முள்ளாகத் தைத்து நின்றது.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தாலேட் இல்லாத பை கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மாற்று எண்ணெய் தேடும் குழுவுக்கு நானாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். வீட்டில் வந்து கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"புது எண்ண வந்தா இந்த மணம் போயிருமோ?"

"பின்னே? போயிரும்."

"அப்ப நீங்க வாறது எனக்கு எப்பிடித் தெரியும்?"

கதவைத் திறக்கும்போது 'நானாக்கும்' என்று சொல்கிறேன் என்றேன். "மறக்காம சொல்லணும்" என்றாள்.

சொல்ல வாய்க்கவில்லை. அந்தக் கர்க்கடக மழை, நம்ம ஆடி மாத மழை, ஓயும் முன் அவள் போய்விட்டாள்.

அவளோடு என் தமிழும் வீட்டை விட்டுப் போனது. கம்பெனியில் மலையாளம், பஸ்ஸில் மலையாளம், கடையில் மலையாளம். ஞாயிற்றுக்கிழமை சபையில் நாலு பாட்டு தமிழில் பாடுவேன், அதோடு சரி. மற்ற ஆறு நாளும் என் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வெளியே வராது. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

வேலையில் வெறி பிடித்தது போல இறங்கினேன். அந்தப் பழைய எண்ணெயைப் பையிலிருந்து விரட்டாமல் விடுவதில்லை என்று இருந்தேன். எலுமிச்சையில் இருக்கும் அமிலத்திலிருந்து செய்த ஓர் எண்ணெயில் வந்து நின்றோம். பை நன்றாகவே வளைந்தது. சூடாக்கினால் மட்டும் நாள்பட்ட வெண்ணெய் போல ஒரு வாடை. இனி ரத்தம் ஊற்றிப் பார்க்க வேண்டும். யார் ரத்தம் என்று பேச்சு வந்தபோது கையை நீட்டினேன். என் ரத்தத்தைப் பாதி பழைய பையிலும் பாதி புதிய பையிலும் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். ஆறு வாரம் ரத்தம் கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் அணுக்கள் நன்றாக இருக்கின்றன. சிவந்தால் உடைகின்றன. நான் வாரம் ஒருமுறையோடு நிற்கவில்லை, தினமும் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து இரண்டு பையையும் பார்த்தேன். வேறு யாரைப் பார்க்கப் போவது?

நாலாவது வாரம் புதிய பையின் நீர் சிவந்தது. பழைய பையில் தெளிவாகவே நின்றது. காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. பையிலிருந்து கசியும் அந்தத் தாலேட்தான் அணுக்களின் தோல் உடையாமல் தாங்கிப் பிடிக்கிறது. புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்ததுதான். அன்றைக்கு அந்தச் சிவந்த நீரைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. நான் கறுவிக்கொண்டிருந்த அதே எண்ணெய்தான் அவளுக்கு ஏறிய ரத்தத்தைக் கெடாமல் காத்து அவளிடம் சேர்த்திருக்கிறது. கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரத்தத்தோடு சேர்க்கும் பாதுகாப்புத் திரவத்தை மாற்றினோம். ஒருமுறை ரத்தம் கொடுத்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்து மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஆறாவது வாரமும் புதிய பையின் நீர் தெளிவாக இருந்தது. பழையதற்குச் சமமாக, விதித்த எல்லைக்குள். எல்லோரும் கை குலுக்கினார்கள். வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த மேலதிகாரி, இன்றைக்குச் சீக்கிரம் போய் வீட்டில் சொல்லும்படி மலையாளத்தில் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. சரி என்றேன்.

பஸ்ஸில் என் சட்டையிலிருந்து அந்த வெண்ணெய் வாடை அடித்தது. இந்த முறை ஜன்னலைத் திறந்தது நான்தான். காரோட்டில் இறங்கி நடந்து, படியேறி, கதவில் கை வைத்தேன். உள்ளிருந்து சத்தமில்லை. ஆயிரம் தடவைக்கு மேல் அந்தக் கதவைச் சத்தமில்லாமலேதான் திறந்திருக்கிறேன். அப்போதெல்லாம் பழைய மணமே முன்னால் போய்ச் சொல்லிவிடும், நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

"நானாக்கும்" என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டபடி, மறக்காமல்.