வெள்ளை லோங்ஸ் போட்ட லென்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை விடிய சுண்டிக்குளத்தில் நின்றது நானும் யூட்டும். சீலன் இல்லை, அவன் கட்டாரில் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் நின்றிருப்பான். லென்ஸும் இல்லை. ஆட்களோடு சேர்த்து லென்ஸுக்கும் வரவு எடுக்கிறேன் என்று சிரிக்காதீர்கள். அந்த நாட்களில் எங்களில் நாலாவது ஆள் அதுதான். மோட்டார் சைக்கிளில் அதற்கு இடம் விட்ட பிறகுதான் நாங்கள் ஏறுவோம்.

களப்பில் தண்ணீர் வற்றியிருந்தது. சேறு வெயில் ஏறமுதலே நாறத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும், யூட்டுக்கு அது வீட்டு மணம். அப்போது கொழும்பிலிருந்து வந்த ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. அறுபது வயது மதிக்கக்கூடிய ஒருவர் இறங்கினார். பெரிய லென்ஸ், மூன்றுகால் ஸ்ராண்டோடு சேர்த்து அப்படியே தோளில். லென்ஸுக்குப் பட்டாளத்து நிறத்தில் இலையும் புள்ளியுமாய் ஒரு உடுப்பு. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, கடைக்குப் பாண் வாங்கப் போகிறவர் மாதிரி அவர் எங்களைக் கடந்து போனார். என் தலை தானாகப் பின்னுக்குத் திரும்பிவிட்டது.

"ஆரைப் பாக்கிறாய்?" என்றான் யூட்.

"அம்மாவை."

"அவா வீட்டில கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிப்பா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

கம்பஸ் முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இந்தா வருகிறது கடிதம் என்று இருந்த காலம் அது. இருந்த என்று எழுதிவிட்டேன்; ஒரு இடத்திலும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்படிப் படித்து முடித்த ஒருவன் ஏன் விடியமுதல் எழும்பி வேலிக்கும் கிணற்றுக்கும் இடையில் நடக்கிறான் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. கடைசியில் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் லைட் பிடிக்கப் போனேன். சீலன் அங்கே கமரா, யூட் வீடியோ. சீலன் இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் நெல் செய்கிற குடும்பம். யூட் முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போகிற குடும்பம். இருவருக்கும் வீட்டுத் தொழிலில் பொறுமை இருக்கவில்லை என்பதால் என்னோடு நன்றாக ஒத்துப்போனார்கள்.

சனி ஞாயிறு கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற சொந்தங்களுக்காக ஒரே மாலையை நாலு தரம் போடச் சொல்லிப் படம் எடுப்போம். திங்களிலிருந்து வெள்ளி வரை பறவை. பறவை ஏன் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. அதை யாரும் மாலையோடு நிற்கச் சொல்ல முடியாது என்பதாக இருக்கலாம். கலியாண லென்ஸோடு போனோம். களப்பின் நடுவில் நிற்கிற செங்கால் நாரை எங்கள் படத்தில் ஒரு அரிசிமணி. அதைப் பெரிதாக்கினால் பெரிய அரிசிமணி.

அப்படித்தான் மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு பெரிய லென்ஸ் வாங்குகிற கதை தொடங்கியது. இரண்டு வழி இருந்தது. ஒன்று, நீட்டவும் சுருக்கவும் கூடிய சூம் லென்ஸ். இரண்டு கிலோ, கையிலேயே பிடிக்கலாம், ஆனால் கண் சின்னது. மற்றது, ஐந்நூறு மில்லிமீற்றரில் நீட்டவும் சுருக்கவும் ஏலாத பழைய குண்டு. கிட்டத்தட்ட நாலு கிலோ, ஆனால் கண் பெரியது. விடியற்காலை மங்கலில் சூம் செக்கனில் இருநூறில் ஒரு பங்குக்குத் திணறுகிற இடத்தில், குண்டு ஐந்நூறில் ஒரு பங்குக்கு எடுக்கும். சிறகடிக்கிற பறவைக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

"வள்ளத்தில நிண்டு நாலு கிலோவைத் தூக்கிப் பிடிச்சுப் பார் மச்சான். பிறகு கதை" என்றான் யூட்.

"நீ என்ன, மீன் பிடிக்கவே போறாய்? உந்தச் சின்னக் கண்ணால விடியப்புறத்தில என்னத்தைக் காணுறது?" இது சீலன்.

நான் படித்தவன் என்பதால் தீர்ப்பு என்னிடம் விடப்பட்டது. இரண்டு நாள் யூடியூப் பார்த்தேன். கனமானதே நல்லது, கனம் இருந்தால் ஆடாது என்று சொன்னேன். கனம் இருந்தால் ஆடப்போவது தூக்குகிறவன் என்று அந்தக் காணொளிகளில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

கொழும்பில் ஒரு ஐயா விற்க வைத்திருந்தார். நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார். ஏன் விற்கிறீர்கள் என்று சீலன் கேட்க, "முதுகு தம்பி" என்று மட்டும் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேரின் மடியிலும் லென்ஸ் குறுக்கே கிடக்க, மாங்குளம் வரும்வரை "முதுகு தம்பி, முதுகு தம்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பெட்டியை எங்கள் வீட்டில்தான் திறந்தோம். ஐயா அதற்கு நல்ல தடித்த றப்பர்த் துணியில் உடுப்பு ஒன்று போட்டு வைத்திருந்தார். பச்சையும் மண்ணிறமும் கறுப்புமாய், பட்டாளப் புள்ளி. அழகான சாமான். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தா.

"உது என்ன உடுப்பு?"

"கீறுப்படாமல், நனையாமல் இருக்க அம்மா."

"கழட்டு."

"அம்மா, உது கமரா சாமான்."

"கமரா எண்டு எனக்குத் தெரியும். தூரத்தில நிக்கிறவனுக்குத் தெரியுமே?"

கழற்றினேன். உள்ளே லென்ஸ் வெள்ளை, பால் கொஞ்சம் மஞ்சளித்த மாதிரி ஒரு வெள்ளை. அம்மாவின் முகம் இளகியது. "வெள்ளையெண்டா நல்லம். வெள்ளை தூரத்திலயே தெரியும்" என்றா. வெள்ளைத் துணியைப் பற்றி அவா எங்கே படித்தவா என்று எனக்குத் தெரியும். சண்டையின் கடைசி நாட்களில் அவா அதை உயர்த்திப் பிடித்து நடக்க, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தவன் நான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"இன்னொண்டு. உதைத் தோளில வைக்கப்படாது."

"நாலு கிலோ அம்மா. வேற எங்க வைக்கிறது?"

"பிள்ளையைத் தூக்குமாப் போல தூக்கு."

வெள்ளைப் பூச்சு கீறுப்பட்டால் விலை போய்விடும் என்று சீலன் கவலைப்பட்டான். அம்மா அதற்கும் வழி கண்டா. என்னுடைய உயர்தர வகுப்பு வெள்ளை லோங்ஸை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒரு காலை வெட்டி, கைமெசினில் இரண்டு தையல் போட்டு, கீழ்ப்பக்கம் நாடா கோத்தா. அளவெடுத்ததுபோல் லென்ஸுக்கு ஏறியது. மடிப்புக்கூட அப்படியே இருந்தது. "உன்னைவிட உதுக்குத்தான் லோங்ஸ் எடுப்பா இருக்கு. சோதினையையும் இதையே எழுத விட்டிருக்கலாம்" என்றான் சீலன்.

பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு முதல் பாடம் மறைந்திரு என்பது. அம்மாவின் பாடம் தெரிய நில் என்பது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் விடிய விடியச் சேற்றில் நடந்தோம். மாறி மாறிக் கைக்குழந்தையாய் ஏந்திக்கொண்டு போவோம். இறால் வடிக்கிற அக்கா ஒருவர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"என்ன தம்பியவை, பிள்ளை ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"பொம்பிளை அக்கா. பேர் இன்னும் வைக்கேல்லை" என்றான் யூட்.

"மூண்டு பேருக்கும் ஒரு பிள்ளையே? நல்லா இருக்கு உங்கட கதை."

தூக்குவது ஒரு பாடு என்றால் நிறுத்துவது பெரும்பாடு. ஸ்ரூடியோவின் வீடியோ ஸ்ராண்டில் ஏற்றினால் லென்ஸ் மெல்ல மெல்லத் தலை குனியும், வகுப்பில் நித்திரை தூங்குகிற பெடியன் மாதிரி. சேற்றில் ஊன்றினால் மூன்று காலும் மூன்று ஆழத்துக்குப் போகும். யூட் பழைய செருப்பை வெட்டி மூன்று காலுக்கும் பாதம் செய்தான், அது நின்றது. பிறகு, ஊஞ்சல் மாதிரி லென்ஸைத் தொங்கவிடுகிற ஒரு ஸ்ராண்டுத் தலையைப் பழசாய் வாங்கினோம். லென்ஸின் அடியில் இருக்கிற காலை முன்னும் பின்னும் நகர்த்தி நடுப்புள்ளியைப் பிடித்துவிட்டால், நாலு கிலோவும் ஒரு விரலுக்குத் திரும்பும். அந்தப் புள்ளி பிடிபட்ட அன்று வந்த சந்தோசம் எனக்குப் பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. தரையில் படுத்து எடுப்பதற்குச் சீலன் ஒரு பையில் நெல் நிரப்பிக்கொண்டு வருவான். லென்ஸ் அதில் அமுங்கி அசையாமல் கிடக்கும். ஒருநாள் நனைந்த பையை ஸ்ரூடியோ மூலையில் மறந்துவிட்டான். அது முளைத்துப் பச்சையாய் வெளியே வந்தது. "என்னடா சீலன், இஞ்சயும் வயலோ? தண்ணி வரி ஆர் கட்டுறது?" என்று முதலாளி கேட்டார்.

எல்லாம் சரி, பறவைதான் நிற்கவில்லை. வெள்ளை லோங்ஸ் காற்றில் படபடக்க, பூநாரைக் கூட்டம் இருநூறு மீற்றருக்கு அப்பாலேயே எழும்பிவிடும். எங்களிடம் இருந்த படங்களில் முக்கால்வாசி பறவைகளின் பின்பக்கம்.

மார்கழியில் ஒருநாள் முழங்காலளவு தண்ணீரைத் தாண்டி மணல் திட்டு ஒன்றுக்குப் போயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. மேலே குளத்துக் கதவும் திறந்திருப்பார்கள் போல, திரும்புகிற நேரம் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. லோங்ஸ் ஊறி, லென்ஸின் வாயால் தண்ணீர் உள்ளே போகிற நிலை. சீலன் பையின் அடியிலிருந்து பட்டாள உடுப்பை இழுத்து எடுத்தான். அவன் அதை எறியாமல் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"தோளில வை. நீதான் உயரம்."

நான் யூட்டைப் பார்த்தேன்.

"அம்மா இஞ்ச இல்லை. தண்ணிதான் இருக்கு" என்றான்.

வைத்தேன். தோளுக்கென்றே செய்த பாரம் மாதிரி அது அமர்ந்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை, வெறும் மழை. கல்லெறி தூரத்தில் பூநாரைகள் நின்றன. ஒன்றுகூட எழும்பவில்லை, கழுத்தைத் திருப்பி நான் போவதைப் பார்த்தன. கமரா சீலனின் பைக்குள் கிடந்தது. பின்னால் வந்த யூட் பொலித்தீன் சொப்பின் பைக்குள் இருந்த போனால், பைக்கு மேலாகவே, என்னை ஒரு படம் எடுத்தான். வீட்டுக்குப் போய் முகப்புத்தகத்தில் போட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் அம்மா நின்றா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் அவாவின் கையில். வெளிச்சம் மங்க மங்கத் திரையை விரலால் தொட்டுக்கொண்டே நின்றா.

"தம்பி, இது எப்ப எடுத்த படம்? இவ்வளவு நாளும் ஆர் வைச்சிருந்தது?"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. படம் வந்திட்டுதோ என்று ஆவலோடு கேட்கிற கலியாண வீட்டுக்காரரின் குரல் மாதிரி இருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். பொலித்தீனுக்கு மேலால் எடுத்ததில் நிறம் எல்லாம் வெளிறி, பழைய படம் போல் கிடந்தது. மழைக்குள் போகிற ஒரு பெடியனின் முதுகு. தோளில் புள்ளித் துணி சுற்றிய நீளமான ஒன்று.

எனக்குப் பத்து வயது மூத்தவன் ஒருவன் வீட்டில் இருந்தான். அவனை அம்மா கடைசியாகக் கண்டது முதுகுப்பக்கம்; ஒரு விடியல், தோளில் பாரம், திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எங்கே தேடியும் பதில் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

"அது நான் அம்மா. முந்தநாள். யூட் எடுத்தவன்."

அவா விரலை எடுத்தா. திரை இருண்டது. போனை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, "கவனமாக் கொண்டு போ மோனை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனா. தோளில் வைத்ததற்குப் பேச்சு விழும் என்று நான் கதிரையில் இருந்தேன். எழும்பினேன். மறுபடி இருந்தேன். தேத்தண்ணியோடு வந்தா.

"முகம் தெரியேல்லைத்தானே."

"ஓம்."

"பெரிசாக்கித் தாறியோ?"

"லென்ஸ் தெரியுது அம்மா. ஆக்கள் பாத்தால்..."

"அதை வெட்டு."

ஸ்ரூடியோவில் இருந்து வெட்டினேன். பெரிய கண், கனம், எங்கள் வாக்குவாதம் எல்லாம் ஓரத்தோடு போனது. மிஞ்சியது தலையின் பின்பக்கம், முதுகு, மழை. ஒன்றும் இல்லாமலே ஒரு பக்கம் சரிந்து நிற்கிற ஒரு தோள். அம்மா அதை முன்னறையில் மாட்டினா. வருகிறவர்கள் ஆரென்று கேட்டால் "என்ர மகன்" என்று சொல்லுவா. அது பொய்யும் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாய் நடந்தது. எனக்குக் கடிதம் வந்து, மாங்குளத்தில் ஒரு கந்தோரில் கதிரை கிடைத்தது. சீலனுக்கு விசா வந்தது. யூட் தனியாக நாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வான்? மழை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணமும் பிடித்திருந்தது. வாங்க வந்தவர் டோர்ச் அடித்துப் பார்த்து விலையைக் குறைத்தார். ஸ்ரூடியோவிலும் இப்போது வேறு பெடியள்; அவர்கள் கலியாண வீட்டுக்கு ட்ரோன் கொண்டு போகிறார்கள். வெள்ளிக்கிழமை விடியலில் என்னை வந்து எழுப்ப ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லை.

சீலன் போகமுதல் மூன்று பேரும் இருந்து நட்டத்தைப் பிரித்தோம்.

"பிறேம் போட்ட காசையும் சேர்" என்றான் சீலன்.

"அது எங்கட வீட்டுப் படமடா."

"லென்ஸால வந்த ஒரேயொரு நல்ல படம் அதுதானே."

"லென்ஸ் எடுக்கவுமில்லை, படத்தில இருக்கவுமில்லை" என்றான் யூட். "எண்டாலும் சேர்."

லென்ஸில் நட்டம் ஒன்றரை இலட்சம். படமும் பிறேமும் மூவாயிரத்து அறுநூறு. ஆளுக்கு ஐம்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.